தகடு வைக்காத அளவு

மார்ச் 2

அக்கா,

பெட்டியைத் திறந்ததும் மேலே இந்தக் கடிதம்தான் இருக்கும். கிழித்துப் போடுவதானால் படித்துவிட்டுப் போடு.

பெட்டி பேராசிரியர் பெயரில் வருகிறது. ஆனால் சீட்டில் இருப்பது என் கோழிக்கிறுக்கல் என்று பார்த்தவுடனே உனக்குத் தெரிந்திருக்கும். உள்ளே எட்டு சோலார் செல்கள் இருக்கின்றன. நான்கு சமதளக் கண்ணாடியில் செய்தவை, நான்கு மேடு போட்ட கண்ணாடியில் செய்தவை. நைட்ரஜன் நிரப்பி ஒட்டியிருக்கிறேன். பாலிமர் என்பதால் பத்து நாள் தாங்கினால் அதிகம். அதற்குள் அளந்துவிடு.

ஏப்ரல் 9 எனக்கு வாய்மொழித் தேர்வு. ஆய்வேட்டைப் படித்தவர்களில் ஒருவர், "வெளி ஆய்வகத்தில் அளந்த சான்று இல்லாமல் இந்த எண்ணை நான் ஏற்கமாட்டேன்" என்று எழுதிவிட்டார். இரண்டு முறை காலநீட்டிப்பு வாங்கியாயிற்று, மூன்றாவது கிடையாது. இந்தச் சான்று இல்லாவிட்டால் ஆறு வருடமும் அதோடு போயிற்று.

உனக்குத் தெரியாததா? கண்ணாடியில் பூசுகிற பாலிமர் படம் தடிமனாக இருந்தால் உள்ளே பிறக்கும் மின்சாரம் வழியிலேயே செத்துவிடும். மெல்லியதாக இருந்தால் வெளிச்சம் பாதி நிற்காமல் போய்விடும். அடியில் வரிசையாகச் சின்ன மேடுகள் போட்டால் வெளிச்சம் பக்கவாட்டில் திரும்பி, மெல்லிய படத்துக்குள்ளேயே நீண்ட தூரம் ஓடும். இதை இப்போது பல் தேய்க்கும்போதுகூட ஒப்பித்துக்கொண்டிருக்கிறேன். விழுகிற வெளிச்சத்தில் மின்சாரமாவது சமதளத்துக்கு ஆறு சதவீதம், மேட்டுக்கு ஏழே கால். ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். அந்த ஐந்தில் ஒரு பங்குதான் என் ஆய்வேடு முழுவதும்.

நாட்டில் இந்த அளவெடுக்கிற இடம் உங்கள் ஆய்வகம் ஒன்றுதான். இல்லாவிட்டால் உன்னைத் தொல்லை செய்திருக்கமாட்டேன். அந்தப் பழைய விஷயத்தைப் பற்றி நேரில் பேசுவோம். இப்போது காப்பாற்று.

தம்பி

&nbsp;

மார்ச் 6

தம்பிக்கு,

இனி பெட்டிக்குள் கடிதம் வைக்காதே. உறவுக்காரர் அனுப்பியதை நாங்கள் அளக்கக் கூடாது என்பது இங்கே விதி. உன் கடிதத்தைப் பார்த்ததும் பெட்டியை எதிர் மேசைக்காரரிடம் கொடுத்துவிட்டேன். இருபது வருடம் இதே வேலை பார்ப்பவர். யார் செல், எவர் செல் என்று கேட்கக்கூட மாட்டார். ஆய்வகத்துக்குத் தொலைபேசியில் பேசாதே, மின்னஞ்சலும் வேண்டாம், எல்லாம் பதிவாகும். எழுதுவதென்றால் வீட்டு முகவரிக்கு எழுது.

"அந்தப் பழைய விஷயம்" என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய்! அந்த மேடுகள் யாருடைய யோசனை? நான் அந்த ஆய்வகத்தில் இருந்தபோது மேடு பதிக்க முதல் அச்சு செய்தது நான், முதல் செல் செய்தது நான், முதல் முறை கூடுதல் வந்தபோது கத்தி அடுத்த அறைக்காரர்களை ஓடிவர வைத்ததும் நான். உங்கள் பேராசிரியரோடு எனக்கு ஒத்துப்போகாமல் கிளம்பியபோது குறிப்பேட்டை உன் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்று வருடம் கழித்துக் கட்டுரை வருகிறது. உன் பெயர் இருக்கிறது, அவர் பெயர் இருக்கிறது. நான் அதை இந்த மேசையில் உட்கார்ந்து, பக்கத்தில் தேநீர் ஆறிக்கொண்டிருக்க, ஊர் பேர் தெரியாத யாரோ மாதிரி படித்தேன்.

அம்மா தொலைபேசியில் "அவன் உன்னைத்தான் விசாரிச்சுக்கிட்டே இருக்கான்" என்கிறாள். உன்னிடமும் அப்படித்தான் சொல்லியிருப்பாள். நான் விசாரிக்கவில்லை.

அக்கா

&nbsp;

மார்ச் 9

அக்கா,

நீ திட்டியதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அன்று அவரிடம், "அக்கா பேரையும் போடணும் சார்" என்று சொன்னேன். "அவங்கதான் போயிட்டாங்களே, போனவங்களுக்கு எதுக்குப்பா?" என்றார். நான் வாயை மூடிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். இரண்டாவது தடவை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் என் பெயரும் போய்விடுமோ என்று பயம். இதை இரண்டு வருடமாக எழுத முயன்று கிழித்திருக்கிறேன்.

ஆனால் இப்போது அதற்குப் பழிவாங்காதே, உன் காலில் விழுகிறேன். எதிர் மேசைக்காரரிடம் சீக்கிரம் அளக்கச் சொல். என் அறை எப்படி இருக்கிறது தெரியுமா? கட்டிலில் ஆய்வேட்டின் பிரதிகள், நான் தரையில். என்னோடு சேர்ந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். புதிதாக வந்தவர்கள் என்னை "தாத்தா" என்று கூப்பிடுகிறார்கள். நானும் சிரிக்கிறேன். முப்பத்திரண்டு வயதில் கையில் ஒன்றுமில்லாமல் வெளியே போனால் எங்கே போவேன், யாரிடம் என்ன சொல்வேன்?

பெட்டி திறந்து எத்தனை நாள் ஆயிற்று? அதையாவது எழுது.

தம்பி

&nbsp;

மார்ச் 13

தம்பிக்கு,

பெட்டி வந்த அன்றே அவர் அளந்துவிட்டார். மறுநாள் வெயிலுக்குப் பதிலாக வைக்கிற விளக்கை மாற்றி மறுபடி அளந்தார். அதற்கும் அடுத்த நாள் மூன்றாவது முறை. அவர் ஒன்றை மூன்று முறை அளந்து நான் பார்த்ததில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டு, "இது உங்க பழைய ஆய்வகத்துலேர்ந்து வந்தது இல்ல? ஒரு தடவை பாருங்களேன்" என்றார். நான் தாளை மட்டும் பார்த்தேன், செல்லைத் தொடவில்லை.

சமதளம்: ஆறு. மேடு: ஆறு புள்ளி ஒன்று.

அந்தப் புள்ளி ஒன்றும் எங்கள் கருவியின் பிழை எல்லைக்குள்தான் வருகிறது. அதாவது கூடுதல் என்று சொல்ல எதுவும் இல்லை.

முறையான அறிக்கை பேராசிரியருக்குப் போவதற்குச் சில நாள் ஆகும். அதற்கு முன்னால் உனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன். இதுவே விதிமீறல்தான். சாப்பிடு. இந்த வரியை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

அக்கா

&nbsp;

மார்ச் 16

கெடுத்துவிட்டீர்கள். இரண்டு பேரும் சேர்ந்து என் செல்களைக் கெடுத்துவிட்டீர்கள்.

காற்றில் திறந்து வைத்தீர்களா? ஈரம் பட்டதா? இல்லை, உன் எதிர் மேசைக்காரர் துளை போட்ட கறுப்புத் தகட்டை வைத்து அழுத்திப் படத்தைக் கீறிவிட்டாரா? அதுதான் நடந்திருக்கும். எங்கள் செல்லில் வெளிச்சம் மேல்பக்கமாக விழுகிறது, தகடு நேராகப் படத்தின் மேலேயே உட்காரும். சமதளம் தாங்கும். மேட்டின் உச்சியில் படம் தனியாக நிற்கிறது, தகட்டின் விளிம்பு பட்டால் அங்கேயே கிழியும். அதனால்தான் மேடு உள்ள செல்களுக்கு நாங்கள் தகடே வைப்பதில்லை. இங்கே சேர்ந்த முதல் வாரமே படிக்கிற பாடம் இது! பெட்டியில் ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன், என் தலையெழுத்து.

ஐந்து வருடமாக, இருநூறுக்கும் மேல் செல்களில், ஒவ்வொரு முறையும் ஏழே கால் வந்திருக்கிறது. உங்களிடம் வந்த நாலு மட்டும் ஆறா? இதை யார் நம்புவார்கள்? உனக்கு என் மேல் உள்ள ஆத்திரம் தீர்ந்ததா, சொல்.

மறுபடி அளக்கச் சொல், தகடு இல்லாமல். புதிய செல்கள் வேண்டுமானால் உடனே அனுப்புகிறேன்.

&nbsp;

மார்ச் 19

தம்பிக்கு,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். படித்து முடித்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

தகடு வைக்கவில்லையா? சமதளத்துக்கு வைத்து, மேட்டுக்கு மட்டும் வைக்கவில்லையா?

அடேய், அந்தத் தகடு எதற்கு? அதில் உள்ள துளையின் அளவுதான் செல்லின் அளவு. துளை வழியாக வருகிற வெளிச்சத்துக்குத்தான் செல் பதில் சொல்ல வேண்டும். தகட்டை எடுத்துவிட்டால் சுற்றிலும் கண்ணாடி முழுவதும் வெளிச்சம் விழுகிறது. சமதளத்தில் அது விழுந்த இடத்திலேயே பெரும்பாலும் போய்விடும். உன் மேடுகள் எதற்காகச் செய்யப்பட்டவை? வெளிச்சத்தைப் பக்கவாட்டில் ஓட்டுவதற்கு. அவை தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கின்றன. வெளியே விழுந்ததை எல்லாம் உள்ளே தள்ளியிருக்கின்றன. நீங்கள் அதைச் செல் தானே பிடித்த வெளிச்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். இருநூறு முறை செய்தாலும் இருநூறு முறையும் ஏழே கால்தான் வரும். தவறான முறையில் அளந்தாலும் எண் மாறாமல் வரத்தான் செய்யும்.

படம் எதுவும் கீறவில்லை. எதிர் மேசைக்காரர் நான்கு மூலையிலும் மெல்லிய நாடா ஒட்டி, தகட்டை முடியளவு தூக்கி வைத்துத்தான் அளந்தார். தகடு படத்தைத் தொடவே இல்லை. இதை நான் அவரிடம் கேட்டு எழுதுகிறேன்.

ஐந்து வருடமாக அந்த ஆய்வகத்தில் ஒருவனுக்குக்கூடவா இது தோன்றவில்லை? மேட்டுக்குத் தகடு வேண்டாம் என்று உங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்த முட்டாள் யார்? அந்த ஆளை விளக்கின் பக்கத்திலேயே விட்டிருக்கக் கூடாது.

உன்மேல் ஆத்திரம் இருந்தது உண்மை. ஆனால் இந்தத் தாளைப் பார்த்த அன்று நான் மதியம் சாப்பிடவில்லை. அதையும் தெரிந்துகொள்.

அக்கா

&nbsp;

மார்ச் 22

அக்கா,

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். குறிப்பேட்டிலிருந்து கிழித்தது. பக்கம் 41. கையெழுத்தை உனக்கு அடையாளம் தெரியும்.

"மேடுள்ள கண்ணாடிக்குத் தகடு வேண்டாம். கீறுகிறது." அடியில் இரண்டு கோடு. அதற்குக் கீழே அதே நாளில்: "7.2!!! நம்ப முடியவில்லை." மூன்று ஆச்சரியக்குறி போட்டிருக்கிறாய்.

அதைத்தான் நான் படித்தேன். என் அக்கா எழுதியது என்பதால் ஏன் என்று ஒருநாளும் கேட்கவில்லை. எனக்குப் பின்னால் வந்த எல்லாருக்கும் நான் அதையே சொல்லிக்கொடுத்தேன்.

இதை அனுப்பக் கூடாது என்றுதான் இரண்டு நாள் வைத்திருந்தேன். இப்போது எனக்கு வேறு வழி இல்லை. அறிக்கை இன்னும் பேராசிரியர் கைக்கு வரவில்லை. உன்னால் முடியும். "தகடு இல்லாமலும் அளக்கப்பட்டது: 7.2" என்று ஒரே ஒரு வரி சேர்த்துவிடு. அது பொய்கூட இல்லை, அப்படி அளந்தால் அப்படித்தான் வரும். தேர்வுக்கு வருகிறவர்கள் எண்ணைப் பார்ப்பார்கள், தகட்டைப் பற்றி யோசிக்கமாட்டார்கள். நான் பட்டத்தை வாங்கிக்கொண்டு இந்தத் துறையை விட்டே போய்விடுகிறேன். இனி ஒரு செல்லைத் தொடமாட்டேன்.

உன் ஒரு வரியால் இங்கே வந்து நிற்கிறேன். இன்னொரு வரி எழுதி என்னை வெளியே எடு. உன்னைக் கெஞ்சுகிறேன்.

தம்பி

&nbsp;

மார்ச் 25

தம்பி,

நான்தான்.

அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மூன்று செல் கீறிப்போய், நான்காவதையும் இழக்க மனமில்லாமல் தகட்டை எடுத்து ஓரமாக வைத்தேன். இந்த ஒருமுறை மட்டும் என்று. பிறகு எண்ணைப் பார்த்ததும் தகடு எங்கே போயிற்று என்றே யோசிக்கவில்லை. இங்கே வந்த பிறகு ஆறு வருடமாக, தகடு வைக்காமல் அளந்து அனுப்புகிறவர்களின் தாள்களை முகத்தில் அடித்தாற்போல் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறேன். ஒருநாள்கூட என் பழைய 7.2-ஐ நினைத்துப் பார்க்கவில்லை. அந்த எண்ணில் என் பெயர் இல்லையே என்று பொருமுவதற்குத்தான் எனக்கு நேரம் இருந்தது.

முந்தைய கடிதத்தில் முட்டாள் யார் என்று கேட்டேன். பதில் வந்துவிட்டது.

ஆனால் அந்த வரியை நான் சேர்க்கமாட்டேன். எதிர் மேசைக்காரர் அளந்த தாளில் கை வைக்க என்னால் முடியாது. உன்னை இந்தக் குழியில் தள்ளியவள் நான்தான். அதற்காக நீ கேட்கிற எதையும் செய்வேன், இதைத் தவிர. நீ என்னை வெறுத்துவிடுவாய் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

ஆறு வருடம். உன் ஆறு வருடம்டா. எப்படித் திருப்பிக் கொடுப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா

&nbsp;

மார்ச் 29

தம்பி,

என் தொலைபேசியில் உன் எண்ணைத் தடுத்து வைத்திருந்ததை எடுத்துவிட்டேன். பதினாறு முறை கூப்பிட்டேன். மணி அடிக்கிறது, நீ எடுக்கவில்லை. அம்மாவுக்கும் எடுக்கவில்லையாம். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்னதான்டி நடக்குது?" என்று கேட்டாள். முதல்முறையாக உன்னைப் பற்றி எனக்கு எந்தப் பொய்யும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாகிவிட்டது.

பட்டம் போகட்டும். கட்டுரை போகட்டும். திட்டவாவது ஒரு வரி எழுது. நாளை மறுநாளுக்குள் பதில் இல்லையென்றால் விடுப்புப் போட்டுவிட்டுக் கிளம்பி வந்து உன் கதவைத் தட்டுவேன். அக்கம்பக்கத்தார் முன்னால் அசிங்கமாகும், பரவாயில்லை.

எழுது.

அக்கா

&nbsp;

ஏப்ரல் 1

அக்கா,

கிளம்பாதே. இருக்கிறேன்.

முதல் இரண்டு நாள் எழுந்திருக்கவே மனமில்லை. தரையில் படுத்து, கட்டிலில் இருக்கிற ஆய்வேட்டின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் ஆய்வகத்துக்குப் போனேன். நீங்கள் இரண்டு பேரும் தவறு என்று நிரூபித்தே தீருவது என்றுதான் போனேன், உண்மையைச் சொல்கிறேன். பன்னிரண்டு செல் புதிதாகச் செய்தேன். நான்கு மூலையிலும் நாடா ஒட்டித் தகட்டைத் தூக்கி வைத்தேன். ஒன்றுகூடக் கீறவில்லை. அவ்வளவு சுலபமான வேலை, அக்கா. நாலு துண்டு நாடா.

ஆறு, ஆறு புள்ளி ஒன்று, ஆறு, ஆறு. பன்னிரண்டும் அப்படியே. கையுறையைக் கழற்றாமலே உட்கார்ந்து அழுதேன். புதிதாக வந்த பெண் ஒருத்தி எட்டிப் பார்த்து, "என்னாச்சு தாத்தா?" என்றாள். தகடு வைத்தேன் என்று சொன்னேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார். "இப்ப எதுக்குப்பா இதைக் கிளறுற? அளவு எப்படி எடுத்தோம்னு எவன் வந்து கேக்கப்போறான்? அந்த அறிக்கை தாமதமாகுதுன்னு நான் எழுதித் தர்றேன். முதல்ல தேர்வை முடி, மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். நான் பத்து நாள் முன்னால் உன்னிடம் கெஞ்சியது இதே பேச்சுதான். அடுத்தவர் வாயிலிருந்து கேட்கும்போது உடம்பெல்லாம் கூசியது. "வேணாம் சார்" என்றேன். "அப்போ என் ஆய்வகத்துல உனக்கு இடமில்ல" என்றார். சரி என்றேன். என் குரலா அது என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

தேர்வு ரத்து. கட்டுரையைத் திரும்பப் பெறக் கேட்டு இதழுக்கு எழுதிய கடிதத்தின் நகலை வைத்திருக்கிறேன். படித்துப் பார். "அளவெடுத்ததில் நேர்ந்த பிழை முழுவதும் என்னுடையது" என்று எழுதியிருக்கிறேன். உன் பெயர் எங்கும் இல்லை. அளவுக்குக் கையெழுத்துப் போடுவது உன் வேலை. இது வெளியே தெரிந்தால் நாளைக்கு உன் கையெழுத்தை யார் மதிப்பார்கள்? கட்டுரையில் உன் பெயரை விட்டது அயோக்கியத்தனம். இதில் விடுவதையாவது உனக்கு நான் செய்ததாக வைத்துக்கொள். பக்கம் 41 உன்னிடம்தான் இருக்கிறது, எரித்துவிடு.

வெள்ளிக்கிழமை அறையைக் காலி செய்கிறேன். எங்கே போவது என்று தெரியவில்லை. கொஞ்ச நாள் உன் வீட்டில் இருக்கலாமா?

தம்பி

&nbsp;

ஏப்ரல் 4

தம்பி,

இதென்ன கேள்வி, வா. முன்னறை காலியாகத்தான் இருக்கிறது. இரண்டு நாள் அழு, மூன்றாம் நாள் பேசு, அதற்குள் ஒன்றும் கேட்கமாட்டேன்.

பக்கம் 41-ஐ எரிக்கவில்லை. நேற்று அதை எங்கள் ஆய்வகத் தலைவரின் மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன், உனக்கு எழுதிய கடிதங்கள் உட்பட. எதிர் மேசைக்காரரும் கூட இருந்தார். தலைவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம் போலிருந்தது. "நீங்க போட்ட கையெழுத்தையெல்லாம் ஒருதடவை பாத்துட்டுச் சொல்றோம்" என்றார். அதுவரை எந்தத் தாளிலும் நான் கையெழுத்துப் போடக் கூடாது. ஆறு வருடத்துத் தாள்கள். மாதக்கணக்கில் ஆகும். வேலை இருக்குமா என்று தெரியாது. மேசையில் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது, உன்னிடம் மறைக்கவில்லை.

உன் நகலைத் திருப்பி அனுப்புகிறேன். "முழுவதும் என்னுடையது" என்ற வரியைச் சிவப்பு மையில் அடித்துவிட்டேன். இதழுக்கு ஏற்கெனவே அனுப்பியிருந்தாலும் திருத்தி மறுபடி அனுப்பு. எனக்காகச் செய்ததாக வைத்துக்கொள் என்று எழுதியிருக்கிறாய். வைத்துக்கொள்ளமாட்டேன். அந்த யோசனை என்னுடையது, அந்த எண் என்னுடையது, அந்தத் தவறும் என்னுடையது. அதை எனக்குக் கொடு.

அந்த நகலின் கீழே கையெழுத்துக்கு இரண்டு இடம் விட்டிருக்கிறேன். நான் மூத்தவள், என் பெயர் முதலில் வரட்டும்.

அக்கா